குப்புறப் படுத்த கடிகாரம்

“என் முகத்தை நம் ஞானசுந்தரம் பார்ப்பதே இல்லை, முதுகைத்தான் பார்க்கிறார்” என்று ஜெர்மன் கைக்கடிகாரம் மறுபடி ஆரம்பித்தது.

“முதுகில் கண்ணாடி போட்டு, உள்ளே பூவேலை செய்த சக்கரத்தையெல்லாம் காட்டினால் எவன் முகத்தைப் பார்ப்பான்?” என்றது பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் கடிகாரம். “என் முதுகில் பாட்டரி மூடிதான் இருக்கிறது. நான் தினம் மீன் மார்க்கெட் போகவில்லையா?”

“வாயை மூடு. இன்று அவர் அண்ணன் மகள் கல்யாணம். என்னைத்தான் கட்டுவார்.”

ஞானசுந்தரம் பட்டுச் சட்டையில் வந்தார், செண்ட் வேறு. லென்ஸ் வைத்து ஜெர்மன் கடிகாரத்தின் முதுகை ரசித்தார். சாவி கொடுத்து, நேரம் வைத்து, கையிலும் கட்டிக்கொண்டார்.

“வரட்டுமா, தம்பி?” என்றது ஜெர்மன்.

“எவனாவது சாம்பாரைக் கொட்டித் தொலைப்பான்” என்று முணுமுணுத்த ஞானசுந்தரம், அதைக் கழற்றித் துடைத்து, பெட்டியின் வெல்வெட் மெத்தையில் குப்புறப் படுக்க வைத்து மூடினார். பிளாஸ்டிக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இருட்டுக்குள் ஜெர்மன் கடிகாரம் ஒரு நொடி பிசகாமல் ஓடிக்கொண்டிருந்தது.

“யாராவது என்னிடம் மணி கேளுங்களேன்” என்றது.