சுவர் சரிந்த இடம்

“எழுந்திரிங்க சித்தப்பா, அஞ்சே நிமிஷம். படம் எடுத்துட்டுப் போயிடுவாங்க.”

அம்ராம் எழுந்திருக்கவில்லை. காலை இன்னும் கொஞ்சம் அகட்டி வைத்துக்கொண்டார்.

லஹ்சன் குடையை உயர்த்திப் பிடித்தபடி நின்றான். சொந்தமில்லை, வாய் மரியாதைக்குத்தான் சித்தப்பா. வெயிலும் இல்லை, மழையும் இல்லை. பின்னால் வருகிற கூட்டம் ஆட்டு மந்தை மாதிரி அதைப் பார்த்து நடக்க வேண்டுமாம். கழுத்தில் பித்தளை வில்லை. ஃபெஸ் நகரத்து யூதத் தெருக்களை வெளியூர்க்காரர்களுக்குச் சுற்றிக் காட்டலாம் என்று அரசாங்கம் கொடுத்தது.

அந்தத் தெருவிலேயே பிறந்து, அந்தத் தெருவிலேயே கிழவனான அம்ராமுக்கு எந்த அரசாங்கமும் ஒரு வில்லையும் கொடுக்கவில்லை.

கல்லறைத் தோட்டத்துச் சுவர் நெடுக ஆள் உயரம். இந்த ஒரு இடத்தில் மட்டும் சரிந்து இடுப்பளவுக்கு நிற்கிறது. இங்கே நின்றால்தான் உள்ளே இருக்கிற வெள்ளைக் கல்லறைகள் அத்தனையும், பின்னால் மலையோடு, ஒரே படத்தில் விழும். லஹ்சனுக்கு அதனால் இந்த இடம் வேண்டும்.

அம்ராமுக்கும் வேண்டும். தினமும் காலையில் ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து போட்டு, தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவார். ஏன் என்று லஹ்சனிடம் சொன்னதில்லை. சொன்னால் நாளைக்கே அதையும் விற்றுவிடுவான்.

எதைத்தான் அவன் விற்கவில்லை. வெட்டிய தலைகள் கெடாமல் இருக்க யூதர்கள் உப்புத் தடவிய கதை தினமும் விலை போகிறது. யார் தலை, எப்போது வெட்டினது என்று கேட்டால் முழிப்பான். வீட்டு மரப் பலகணிகளைக் காட்டி, பெண்கள் அங்கே நின்று அழுதார்கள் என்கிறான். அம்ராமின் அம்மா அங்கே நின்று கீழே போகிற காய்கறிக்காரனைத் திட்டினாள். அழுததை யாரும் பார்த்ததில்லை.

“காலையில இங்க ஒரு குழி வெட்டினாங்களே, எங்க?” லஹ்சன் பெட்டியைச் சுற்றிப் பார்த்தான். “பலகை நடணும். இப்ப வண்டியில வந்துட்டிருக்கு. இந்த இடத்தோட வரலாறு முழுசும் எழுதியிருக்கு, ஆள் உயரத்துக்கு. பக்கத்துல நின்னு கல்லறையோட சேர்த்துப் படம் எடுத்துக்குவாங்க.”

குழி பெட்டிக்கு அடியில் இருந்தது. உடைந்த ஓடுகளையும் கல்லையும் போட்டு நிரப்பி, மிதித்து, அதன் மேல்தான் அம்ராம் உட்கார்ந்திருந்தார்.

“உன் தலையில நடச் சொல்லுடா குடைக்காரா. உள்ள காலியாத்தானே கிடக்கு.”

லஹ்சன் பல்லைக் கடித்துக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பினான். பிரெஞ்சில் பேசினான். கிழவனுக்குப் புரியாது என்று நினைப்பு. திட்டு வாங்குகிற அளவுக்கு பிரெஞ்சு அம்ராமுக்கும் தெரியும்.

“இவரோட சம்சாரம் ஃப்ரீஹாவிலேர்ந்து ஆளுங்க எல்லாரும் உள்ளதான் இருக்காங்க. ஒரு நாள்கூட உள்ள போய் எட்டிப் பார்த்ததில்ல, இந்த மனுஷன். வாசல்ல உக்காந்து சண்டை மட்டும் போடுவாரு.”

ஒரு பெண் ‘ச்சு’ கொட்டினாள். இன்னொருத்தி குனிந்து அவர் முகத்துக்கு நேரே செல்போனை நீட்டினாள். அம்ராம் வாயிலிருந்த ஆலிவ் கொட்டையைத் துப்பினார். அது அவள் செருப்புக்குப் பக்கத்தில் போய் விழுந்தது.

குடை வாசலுக்குள் போனது. கூட்டமும் போனது.

ஒரு ஆள் மட்டும் போகவில்லை.

அறுபது வயது இருக்கும். தொப்பி. தெருவுக்கு அந்தப் பக்கம், வாசலைவிட்டு நன்றாகத் தள்ளி, கையைப் பையில் விட்டுக்கொண்டு நின்றார். தான் எழுந்தால் இடத்தைப் பிடிக்க லஹ்சன் விட்டுவிட்டுப் போன ஆள் என்று அம்ராம் கணக்குப் போட்டார்.

“உனக்கென்ன கேடு? செத்தவங்களைக் கண்டா பயமா?”

அந்த ஆள் தெருவின் அரபியிலேயே பதில் சொன்னார். துருப்பிடித்த அரபி, ஆனால் இந்தத் தெருவினுடையது.

“எங்க வீட்டு ஆம்பளைங்க உள்ள போகக்கூடாது. எங்க அப்பாவும் இப்படித்தான், சுவர் தாழ்ந்த இடமாப் பார்த்து நாற்காலி போட்டுக்குவாரு.”

அம்ராம் முதல் தடவையாகத் தலையைத் திருப்பிப் பார்த்தார்.

அம்ராமுடையது போலவே, ஆரோன் வழிவந்த யூதக் குருமார் குடும்பம். அந்த ஆண்கள் கல்லறைகளுக்கு நடுவே கால் வைக்கக் கூடாது. கட்டினவளாகவே இருந்தாலும், புதைக்கிற அன்றைக்கு மட்டும்தான் உள்ளே போகலாம், அதோடு சரி. அதனால்தான் அந்த வீட்டில் செத்தவர்களைச் சுவரோரமாகவே புதைப்பார்கள்.

லஹ்சன் வாசலிலிருந்து கத்தினான். “ஐயா! நீங்க மட்டும் ஏன் வெளிய நிக்கிறீங்க?”

அந்த ஆள் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தார்.

“மூச்சு விடாதே,” என்றார் அம்ராம். “வித்துடுவான்.”

அந்த ஆள் லஹ்சனுக்குக் கையை மட்டும் ஆட்டினார். தெரு முனையில் கைவண்டிச் சக்கரம் கல்லில் இடிக்கிற சத்தம் கேட்டது. பலகை வந்துவிட்டது. அந்த ஆள் சத்தம் வந்த பக்கம் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், அதன் அடியில் புதிதாக மிதித்த கற்களைப் பார்த்தார். பிறகு தெருவைக் கடந்து வந்து, பெட்டிக்கும் சரிந்த சுவருக்கும் நடுவே, வருகிறவன் வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அம்ராம் கைத்தடியால் அந்த ஆளின் முழங்காலில் ஒரு தட்டு தட்டினார்.

“தள்ளி நில்லு. ஃப்ரீஹாவை மறைக்கிறே.”