ஜன்னலோர பெஞ்சு

"எதுவும் கேட்காம, ஆண்டவர் முன்னாடி அரைமணி நேரம் சும்மா உட்காருங்க" என்று ஃபாதர் சொன்னதிலிருந்து ஜெசிந்தா டீச்சருக்கு ஒரே குழப்பம்.

நாலு நாளாகப் பள்ளிக்கூடம் விட்டதும் மாதா கோயிலில் வந்து உட்காருகிறாள். கண்ணை மூடினால் திருத்தாத விடைத்தாள், அரைக்காத மாவு, மாமியாரின் மாத்திரை எல்லாம் வரிசை கட்டி வருகின்றன. ஆண்டவரை மட்டும் காணோம்.

ஜன்னலோர பெஞ்சில் ஓர் அம்மாள் தினமும் ஆடாமல் அசையாமல் இருந்தாள். ஒரு கொட்டாவி கூட இல்லை. ஜெசிந்தாவுக்குப் பொறாமையாகவே இருந்தது. இன்று கேட்டேவிட்டாள்.

"அக்கா, உங்களுக்கு மனசு அலையாதா?"

"அலையத்தான் செய்யும். அது பாட்டுக்குப் போயிட்டு வரட்டும்னு விட்டுடுவேன். நான் மட்டும் எந்திரிக்க மாட்டேன்."

"எத்தனை நாளா இப்படி?"

"இன்னிக்கு ஒன்பதாவது நாள். அவசரப்பட்டா ஆகுமா?"

"இந்த ஜெபத்தை உங்களுக்கு யாரு சொல்லிக் கொடுத்தாங்க, அக்கா?"

அந்த அம்மாள் திருதிருவென்று விழித்தாள்.

"ஜெபமா? நான் மாரியம்மனைக் கும்புடறவ, டீச்சர். அதோ, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் என் குத்தகை வயல். கடைமடை. வாய்க்கால்ல தண்ணி எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. வர்ற நேரம் ஆள் இல்லன்னா மேல் வயல்காரங்க மறிச்சுக்குவாங்க. இங்க நிழலா இருந்துச்சு, உட்கார்ந்துட்டேன். எந்திரிச்சிடணுமா?"

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"வேணாம்க்கா, இருங்க. உங்க மடையைத் தொறந்து வச்சாச்சா?"

"அது முதல் நாளே ஆச்சே!"

"கொஞ்சம் நகருங்க" என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள் ஜெசிந்தா.