மைனஸ் முப்பதுக்குக் கீழே

“என் பேரு ஜோமார். வயசு இருபத்தி நாலு. இதே கட்டடந்தான் சார், கீழ்த்தளம். ஒரே ஒரு கையெழுத்து வேணும், கதவைச் சாத்திடாதீங்க.”

ஹால்டர்சன் கதவைச் சாத்தத்தான் போனார். ஆனால் அந்த இளைஞனின் கனத்த பனிக்காலணி வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டிருந்தது. அவன் கையில் மனு செருகிய அட்டை இருந்தது. கால் நகரவில்லை.

ஹால்டர்சன் அந்தக் குடியிருப்பின் சங்கத் தலைவர். கனடாவின் வின்னிபெக் நகரத்திலேயே பிறந்து அறுபத்தெட்டு குளிர்காலங்களைப் பார்த்தவர். குளிர் என்று யார் முனகினாலும் அவருக்குப் பிடிக்காது.

“நாய் விஷயமா?”

“ஆமா சார். மைனஸ் முப்பது டிகிரிக்குக் கீழ போற நாள்ல மட்டும், காலைல ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம், நாய்ங்களை அடித்தளத்துல குளிராம இருக்கிற கார் பார்க்கிங்ல நடக்க விடணும். கயித்தோடதான். அவ்வளவுதான் மனு.”

அவர் மனுவை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். “இதென்ன, ஒரு புள்ளி, கமா எதுவும் இல்ல?”

“போன்கிட்ட பேசிப் பேசி எழுத வச்சேன் சார். அதுக்குத் தெரிஞ்ச அளவுக்கு எழுதிச்சு.”

“எங்கப்பா பண்ணையில நாலு நாய் இருந்துச்சு. மைனஸ் நாப்பதுல வைக்கோல்ல படுத்துத் தூங்கும். ஒண்ணும் ஆகலை.”

“அதுங்களுக்கு உடம்பு பூரா கம்பளி மாதிரி முடி இருந்திருக்கும். ஒன்பதாம் மாடி ஒக்ஸானா அக்காவோட நாய் குட்டைக்கால் சார். வயிறே பனியில இழுபடுது. மூணு நிமிஷத்துல காலைத் தூக்கிட்டு நின்னுடுது. அக்கா தூக்கிட்டுத்தான் வர்றாங்க.”

“ஷூ மாட்டிவிடச் சொல்லு.”

“மாட்டினாங்க. ரெண்டு பனியில தொலைஞ்சு போச்சு. மிச்ச ரெண்டை அதுவே தின்னுடுச்சு.”

உள்ளேயிருந்து ஹால்டர்சனின் மனைவி சிரிப்பது கேட்டது. அவர் திரும்பி முறைத்தார்.

“அப்ப வீட்டுக்குள்ளயே வச்சுக்கட்டும்.”

“அஞ்சு நாளா வீட்டுக்குள்ளதான் இருக்கு. சோபாவுல பஞ்சு மிச்சமில்ல. நடந்தா தூங்கும், நடக்கலைன்னா ராவும் பகலும் குரைக்கும். குரைக்கிறது நிக்கலைன்னா நாயை அனுப்பிடணும்னு நீங்கதான சார் லெட்டர் குடுத்தீங்க? ஞாயித்துக்கிழமை வரைக்கும் கெடு. இந்த வாரம் பூரா மைனஸ் முப்பத்தெட்டாம். அந்தக்கா லிஃப்டுலயே நின்னு அழறாங்க.”

ஹால்டர்சன் கையெழுத்துகளை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார்.

“நாலாம் மாடி பீகிள் நாய்க்காரர்கூடப் போட்டிருக்காரே.”

“அந்த நாய்க்கு வலது பின்கால்ல வெடிப்பு சார். மூணு கால்லதான் லாபியைத் தாண்டிப் போகுது.”

“இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்க. இதுல உன் நாய் எது?”

ஜோமார் கால்மிதியைப் பார்த்தான். “மொதல்ல இதைப் பேசி முடிச்சிடலாம் சார். முப்பத்தொரு கையெழுத்து வாங்கிட்டேன். நீங்க போட்டா நாளைக்கே ஆரம்பிச்சிடலாம்.”

“உன் கையெழுத்தைக் காணோமே?”

“என்னோடது செல்லாது சார்.”

“அதென்ன செல்லாது? வேர்த்துக் கொட்டுது பாரு. மொதல்ல அந்தக் கோட்டைக் கழட்டு.”

“இருக்கட்டும் சார்.”

“போட்டுத்தான் குடுங்களேன்” என்றது உள்ளேயிருந்து மனைவியின் குரல். “சின்னப் பையனை வாசல்ல நிக்க வச்சு வக்கீல் மாதிரி கேள்வி கேட்டுக்கிட்டு.”

“நீ சும்மா இரு பிர்னா.” ஹால்டர்சன் கதவைச் சற்று அகலமாகத் திறந்தார். “இங்க பாரு தம்பி, நான் நாய்க்கு எதிரியில்ல. ஆனா இத்தனை நாயும் அங்க மூத்திரம் போனா அதை யார் கழுவுறது? இந்தக் கட்டடத்தைத் துப்புரவு பண்றவன் ஒருத்தன் இருக்கானே, அவனை யாராவது நினைச்சீங்களா? லாபித் தரையைக் கண்ணாடி மாதிரி வச்சிருக்கான். அவன் தலையில இதையும் கட்டப் போறீங்க. ஒரு வார்த்தை கேட்டீங்களா அவனை?”

“நீங்க பேசியிருக்கீங்களா சார் அவன்கிட்ட?”

“நான் எந்திரிச்சு வர்றதுக்குள்ள அவன் வேலையை முடிச்சுட்டுப் போயிடறான். ரெண்டு வருஷமாச்சு, மூஞ்சியைக்கூடப் பார்த்ததில்ல.” அட்டையைத் திருப்பி நீட்டினார். “அவன் மனசார ஒத்துக்கிட்டுக் கையெழுத்து போடட்டும். அடுத்த நிமிஷம் நானும் போடறேன்.”

“வார்த்தை மாற மாட்டீங்களே?”

“மாற மாட்டேன். போய் வாங்கிட்டு வா.”

ஜோமார் கோட்டின் ஜிப்பைக் கழுத்திலிருந்து வயிறு வரை இறக்கினான். உள்ளே நீலச் சட்டை. மார்பில் அந்தக் கட்டடத்தின் பெயர், அதன் கீழே ‘துப்புரவுப் பிரிவு’. பையிலிருந்து பேனாவை எடுத்து, அட்டையைச் சுவரில் சாய்த்து, முப்பத்திரண்டாவது வரியில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டான்.

“எனக்கு இங்க வீடும் இல்ல, நாயும் இல்ல சார், கீழ்த்தளத்துல வேலை மட்டுந்தான். படியில பனி உருகறதுக்குப் போடற உப்பு குறையக் கூடாதுன்னு நோட்டீஸ் ஒட்டினீங்கல்ல, தினம் காலைல வாளி வாளியா அதைக் கொட்டுறவன் நான்தான். அது நாய்ங்களோட விரல் இடுக்குல ஏறி வெடிச்சு, லாபி பூரா சிவப்பா காலடி. அதைத் துடைக்கிறதுக்குப் பதிலா மூத்திரத்தைத் துடைச்சிட்டுப் போறேன்.” பேனாவை அவரிடம் நீட்டினான். “என் பேருக்குக் கீழ ஒரு கையெழுத்து போடுங்க சார்.”