இமையின் சான்று

மண்ணூர்பேட்டை மருத்துவமனையின் சாளரத்தில் பிற்பகல் வெயில் சாய்ந்திருக்கிறது. சோர்ந்து மூடிய ராதிகாவின் இடது இமைமேல், பனிக்கட்டி நிரப்பிய கையுறையை மருத்துவர் ஷாகிதா ஒற்றிப் பிடித்திருக்கிறார். “இதுக்கா ஆஸ்பத்திரி? சர்பத் கடையிலயே ஐஸ் கீதே,” என்கிறான் கணவன் தினகரன். “சும்மா கீறியா!” என்கிறாள் அவள். கையுறை அகல்கிறது, சந்நிதித் திரை விலகுவதுபோல் இமை மெல்ல மேலெழுகிறது. “தொறந்துகிச்சு மேடம்! சரியாப்பூடுச்சு!” என்று தினகரன் துள்ளுகிறான். மருத்துவரின் முகம் மலரவில்லை. “குளிர்ல தொறந்தா, அதுதாங்க தசை சோர்ந்துபோற இந்த நோய்க்கு அடையாளம். கிருமியோட சண்டை போடவேண்டிய செல்லுங்களே இவங்க தசையை எதிரின்னு நெனச்சுத் தாக்குது. மருந்தை விடாம சாப்பிடணும்.” குளிர்ச்சி குறையக் குறைய இமை மீண்டும் இறங்குகிறது. தினகரன் மேசைமீதிருந்த கையுறையை எடுக்கிறான்; உள்ளே பாதி கரைந்த நீர் தளும்புகிறது. “இன்னொரு தபா வெச்சுப் பாக்கலாமா, மேடம்?”