ஜேர்மனிக்கு ஒரு புள்ளி

கட்டில் விரிப்பின் ஒரு முனை அவன் கையில். மறுமுனை கூட வேலை செய்யும் பிலிப்பைன்ஸ்காரி மாரிவிக்கின் கையில்.

ஒருவரால் மடிக்க முடியாது. அதனால்தான் ஹோட்டலின் கீழ்த்தளத்துச் சலவை அறையில் எப்போதும் இரண்டு பேர்.

இருவரின் கண்ணும் அலமாரிக்கு மேலிருந்த சின்ன டிவியில்.

சிறுவர் பாட்டுப் போட்டி. நாட்டுக்கு ஒரு பிள்ளை. இந்தத் தீவில், மால்டாவில், அதைக் கால்பந்து இறுதியாட்டம் மாதிரிப் பார்ப்பார்கள். மேலே வரவேற்பறையிலிருந்து கைதட்டும் சத்தம் குழாய் வழியாகக் கீழே வந்தது.

மேடையில் ஜேர்மனி. மஞ்சள் மழைக்கோட்டுடன் ஒரு சிறுமி.

மிதுஷா. அவனுடைய அக்காவின் மகள்.

அவளை அவன் நேரில் பார்த்ததில்லை. "மாமாவோட கதை, பிள்ளை" என்று அக்கா அவளிடம் போனைக் கொடுப்பாள். "ஹலோ" என்று ஒரு குரல் வரும். பிறகு மறுபடி அக்காதான்.

பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு நத்தையைப் பற்றிய பாட்டாம். அவனுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. நத்தை நடக்கத் தொடங்கும் இடம் மட்டும் விளங்கியது. அங்கே அவள் இரண்டு விரலைத் தலையில் வைத்தாள்.

மாரிவிக் சிரித்தாள். விரிப்பு தொய்ந்தது.

சொந்த நாட்டுக்கு வாக்குப் போட முடியாது என்ற விதி அக்காவுக்கு நேற்றுத்தான் தெரிந்தது.

எசன் நகரத்துச் சொந்தக்காரர்கள். கோயில் சபை. தமிழ்ப் பள்ளிக்கூடம். மரக்கறிக் கடைக்காரர். மாதக்கணக்காக ஆள் சேர்த்திருந்தாள். எல்லோரும் ஜேர்மனியில்.

வெளியே யார் இருக்கிறார்கள் என்று யோசித்திருக்கிறாள்.

காலையிலிருந்து அவன் போன் சூடாக இருந்தது. பிறந்தநாளுக்குக்கூட அழைக்காதவர்கள் அழைத்தார்கள். சாப்பிட்டாயா என்று கேட்டார்கள்.

அக்கா சொன்னாள்:

"இஞ்ச வந்திடு, வந்திடு எண்டு எத்தினை வருசமாக் கூப்பிட்டனான். இண்டைக்கு மட்டும் அசையாத. அங்கயே நில்லு."

அத்தான் அவனை மட்டும் நம்பியிருக்கவில்லை. காரில் ஆட்களை ஏற்றிக்கொண்டு எல்லை தாண்டி ஹொலண்டுக்குப் போய்விட்டார். பின்னால் இன்னும் சில கார்கள். அங்கே ஒரு சூப்பர்மார்க்கெட் வாசலில் நின்று வாக்குப் போடுவதாகத் திட்டம்.

பாட்டுகள் முடிந்தன. வாக்களிப்புத் தொடங்கியது.

அத்தான் வாட்ஸ்அப்பில் வந்தார்.

"டேய், இஞ்ச நிண்டும் வாக்குப் போகுதில்லை. ஒருத்தற்ற போனிலையும் போகுதில்லை."

பின்னால் யாரோ: "எல்லாம் ஜேர்மன் சிம் எல்லோ, மடையர்."

இன்னொருவர்: "அப்ப அந்த ரோல்ஸைத் திறவுங்கோ. அதையாவது சாப்பிடுவம்."

அத்தானின் குரல் இறங்கியது.

"நீதான்ரா மிச்சம்."

கீழ்த்தளத்தில் ஹோட்டல் வைஃபை மட்டும்தான். பேச்சு வரும். வாக்குப் போடும் எஸ்எம்எஸ் போகாது.

அவன் தன் முனையை மாரிவிக்கிடம் கொடுத்தான். அவள் விரிப்பு முழுவதையும் கைகளில் சுருட்டிக்கொண்டாள். விரல் நுனியால் தன் போனையும் நீட்டினாள்.

லொறி வரும் சரிவில் ஏறி ஓடினான்.

ஜேர்மனியின் இலக்கம். அனுப்பு.

போகவில்லை.

குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றான். போகவில்லை. அழுக்குத் துணி வண்டி ஒன்று நின்றது. அதன்மேல் ஏறினான். கையை உயர்த்தினான். காவலாளி பார்த்தார்.

டிக்.

போய்விட்டது. அடுத்து மாரிவிக்கின் போன்.

டிக்.

அவன் இறங்கி வந்தபோது அவள் அப்படியே நின்றாள், மணப்பெண் மாதிரி வெள்ளைத் துணிக்குள்.

புள்ளிகள் வரத் தொடங்கின.

ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஒரு பிள்ளை திரையில் வந்து வாசித்தது. போலந்து. ஸ்பெயின். ஜோர்ஜியா. யாருடைய வாயிலிருந்தும் ஜேர்மனி வரவில்லை.

போட்டியாளர்களைக் காட்டினார்கள். நீளமான சோபா. கொடிகள். மஞ்சள் கோட்டு இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. கொடி மட்டும் மடிக்கு இறங்கிவிட்டது.

அவனும் மாரிவிக்கும் ஒரு விரிப்பையே திரும்பத் திரும்ப மடித்தார்கள்.

பிறகு மால்டா.

பல் விழுந்த ஒரு பையன் வாசித்தான். குறைந்த புள்ளியிலிருந்து தொடங்கினான்.

ஒரு புள்ளி. ஜேர்மனி.

மிதுஷா சோபாவின்மேல் எழுந்து நின்று குதித்தாள்.

பக்கத்துப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். கூடிய புள்ளி வாங்கிய பிள்ளைகள்கூட அப்படிக் குதிக்கவில்லை. அறிவிப்பாளர் சிரித்துவிட்டார். மால்டாவில் இந்தப் பிள்ளைக்கு அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டார்.

கமரா கிட்டப் போனது.

அவள் நேராகப் பார்த்தாள். ஏதோ சொன்னாள். ஆரவாரத்தில் குரல் கேட்கவில்லை. 'மா' என்று சொல்வதுபோல் உதடுகள் இரண்டு தரம் ஒட்டிப் பிரிந்தது மட்டும் தெரிந்தது.

போன் அடித்தது. அவன் எடுக்கவில்லை.

மாரிவிக் ஒரு புது விரிப்பின் முனையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"ஓம் பிள்ளை," என்றான் அவன்.