தம் பிடித்த தார்ப்பாதை

நம்புகிறவர்கள் நம்புங்கள், ஒரு பங்களாவில் கேட்டிலிருந்து கார் ஷெட் வரைக்கும் ஒரு தார்ப்பாதை படுத்திருந்தது. அதன் நடுமுதுகில் ஒரு விரிசல்.

வெயிலிலும் மழையிலும் பாதை வீணாகாமல் இருக்க, மேலே கறுப்புப் பூச்சு அடிக்க ஆட்கள் வந்தார்கள். விரிசல் கண்ணில் பட்டால் முதலில் அதை அடைப்பார்கள், பிறகுதான் பூசுவார்கள். அது அவர்கள் தொழில் முறை.

"அண்ணே, நான் இருக்கேன்னு காட்டிடுங்க," என்றது விரிசல். "அடைக்காம விட்டா மழைத்தண்ணி என் வழியா இறங்கி உங்களையே பேத்துடும்."

"அடைச்சா தழும்பு தெரியும். அந்த இரும்புக் கேட் பாத்தா மானத்த வாங்கிடும். நீ பேசாம கிட," என்றது பாதை.

மேஸ்திரி குனிந்து பார்த்தபோது பாதை உடம்பை இறுக்கித் தம் பிடித்தது. விரிசலின் உதடுகள் ஒட்டிக்கொண்டன.

"விரிசலே இல்லப்பா, பூசுங்க," என்றார் மேஸ்திரி.

பூசினார்கள், காய்ந்தது. குளித்துவிட்டு வந்த எருமை போலப் பாதை மினுமினுத்தது. மூச்சை விட்டால் பூச்சு பிளந்துவிடும் என்பதால் அது மூச்சே விடவில்லை.

கேட்டுக்கே மனசு இளகிவிட்டது. "நெசமாவே அழகா இருக்கேப்பா," என்றது.

பாதை வாயைத் திறக்கவில்லை.

"ஓகோ, அவ்வளவு திமிரா?" என்று கேட் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அன்று சாயங்காலம் மேற்கே மேகம் திரண்டு தூறல் விழுந்தது. பாதைக்குத் தும்மல் வந்தது.