தண்டனை அறை

பழைய சிறைச்சாலை இப்போது அருங்காட்சியகம். தண்டனை அறையில், கம்பி நிழல் விழுந்த மரச்சட்டத்தில் வைக்கோல் பொம்மை ஒன்று முதுகைக் காட்டி நிற்கிறது. "யார் வேணாலும் அடிச்சுப் பாக்கலாம். ஆனா முதல் அடி யாருக்கும் சரியா விழாது," என்று தன் அன்றாட வேடிக்கையைச் சொல்லிச் சவுக்கை நீட்டுகிறாள் வழிகாட்டிப் பெண். சுற்றிப் பார்க்க வந்த கூட்டத்தில், மனைவியோடு நின்ற வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் அதை வாங்கி மணிக்கட்டால் ஒரே ஒரு சொடுக்குச் சொடுக்குகிறார். பளீரென்று பொம்மையின் முதுகு கிழிந்து வைக்கோல் தெறிக்கிறது. "உங்களுக்கு இது கைவந்த கலைதான் சார்!" என்று கூட்டம் கைதட்டுகிறது. வழிகாட்டியும் சிரித்தபடியே திரும்பி, அவருடைய மனைவியைப் பார்க்கிறாள். அந்த அம்மா எப்போதோ சுவர்ப்பக்கம் திரும்பி, கைப்பையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறாள். வழிகாட்டியின் சிரிப்பு செத்துப்போகிறது. "சார், சவுக்கைக் குடுங்க." "இருங்க, இன்னும் ஒண்ணு," என்று அவர் கையை ஓங்குகிறார். சுவரோரம் அந்த அம்மா மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள்.